செம்மண்ணில் உறங்கும் புலி அந்துப்பூச்சி

அன்புள்ள ஐயா,
மரங்கள் வளராத துருவத் தூந்திரப் பகுதியில் 14 ஆண்டுகள் உறைந்தும் உருகியும் வாழும் புலி அந்துப்பூச்சியைப் பற்றி வாசித்து வியந்தேன். வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத நம் காரைக்குடிப் பக்கம் இத்தகைய உயிர்கள் ஏன் இல்லை? ‘டன்ட்ரா’ என்பதா, ‘தூந்திரம்’ என்பதா, எது சரி?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூந்திரம் என்றே எழுதுங்கள்; அதில் வழக்காட ஒன்றுமில்லை. நீங்கள் வாசித்தது கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஆராயப்பட்ட துருவக் கம்பளிப்பூச்சியைப் பற்றியது. அது புலி அந்துப்பூச்சிக்குப் பங்காளி முறை மட்டுமே. 14 ஆண்டு என்பதும் பழைய கணக்கு. பின்னர் 7 ஆண்டாகத் திருத்திவிட்டார்கள். கோடையின் சில வாரங்களில் வெயில் காய்ந்து, துருவ வில்லோ இலையைத் தின்று, உறைவிலிருந்து உடலைக் காக்கும் கிளிசராலைச் சேர்த்துக்கொண்டு மைனஸ் 60 பாகைக் குளிரிலும் அது உயிரோடு உறைந்து கிடக்கிறது. உண்மையான தூந்திரப் புலி அந்துப்பூச்சி, 1791இல் சுவீடன் இயற்கையியலாளர் துன்பெர்க் பெயரிட்ட, வட ஐரோப்பாவின் லாப்லாந்துப் பெயரைத் தாங்கிய இனம். அதன் புழு இரண்டு பனிக்காலங்களைத் தாண்டிய பின்னரே கூட்டுப்புழுவாகிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ‘வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத’ என்று எழுதினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மானாவாரி நிலக்கடலையை ஒரே வாரத்தில் மொட்டையாக்கிவிட்டு, வரப்பு தாண்டி அடுத்த கொல்லைக்குக் கூட்டமாக ஊர்ந்துபோகும் சிவப்புக் கம்பளிப்புழுவை நீங்கள் பார்த்ததே இல்லையா? அதுதான் ஐயா, அசல் புலி அந்துப்பூச்சி! லாப்லாந்துப் பூச்சியும் இதுவும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே குளிருக்கு அஞ்சிப் புழு உறைகிறது. இங்கே வறட்சிக்கு அஞ்சிக் கூட்டுப்புழு வரப்போரத்து மண்ணுக்குள் ஏறத்தாழ 10 மாதம் அசையாமல் கிடந்து, நல்ல மழை ஒன்று நிலத்தை நனைத்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. பனியில் கிடந்தால் அதிசயம், நம் செம்மண்ணில் கிடந்தால் ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்?

என் சிறுவயதில், ஆடிப்பட்டம் விதைத்த பின் மழை பெய்த இரவுகளில், முகப்பு விளக்கின் கீழே அப்பத்தா அகன்ற பித்தளைத் தாம்பாளத்தில் நீரூற்றி, அதில் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு வைப்பார். முன்சிறகின் விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும் அந்துப்பூச்சிகள் அதில் வந்து விழும். “மழைக்காகத்தான் இம்புட்டு நாளா மண்ணுக்குள்ள கெடந்துச்சு, பாவம். ஆனா கடலை நமக்குல்ல வேணும்” என்று சொல்லிக்கொண்டே தாம்பாளத்தைக் கொல்லைப்புறத்தில் கவிழ்ப்பார். அவர் குரலில் இருந்த வருத்தம் பொய்யில்லை. மறுநாள் இரவும் தாம்பாளம் அதே இடத்தில் இருக்கும்.

வரும் ஆடியில் மழை பெய்தால், ஓர் இரவு முகப்பு விளக்கை அணைக்காதீர்கள். காலையில் வாசல் கூட்டுவதற்கு முன் எழுந்து திண்ணையைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.