கதையில் வரும் கொடுமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசி நாவலை வாசித்தேன். மனைவியை அடித்து வதைக்கும் பாத்திரத்தை அத்தனை விரிவாக எழுதத்தான் வேண்டுமா? பதினாறு வயதாகும் என் மகனும் அதைப் படித்துவிட்டான். இதெல்லாம் மனதில் தங்கி ஒருநாள் நடத்தையில் வெளிப்படாதா? ‘கதைதானே’ என்று சொல்லி எழுத்தாளர்கள் தப்பித்துக்கொள்கிறீர்கள்.

மாலதி

அன்புள்ள மாலதி,

‘கதைதானே’ என்று நான் சொல்லமாட்டேன். கதை யாரையும் ஒன்றும் செய்யாது என்றால் எதற்கு மெனக்கெட்டு எழுத வேண்டும்? ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, நான் பயப்படும் இடம் வேறு.

உங்கள் பயம் பழையதுதான். காமிக்ஸ் படித்துச் சிறுவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் புத்தகமே எழுதினார். மிரண்டுபோன பதிப்பாளர்கள் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். சிறுவர்கள் சொன்னதை அவர் திரித்து எழுதியிருந்தார் என்பது அவருடைய ஆவணங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. அப்புறம் வீடியோ கேம் வந்தது. நிஜ வன்முறைக்கு அதைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொல்லிவிட்டது.

சரி, பாதிப்பே இல்லையா? இருக்கிறது. திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளையவர்களைப் புகைக்கத் தொடங்க வைக்கிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை திட்டவட்டமாகச் சொல்கிறது. பிரேசிலின் தொலைக்காட்சித் தொடர்களில் நாயகிகளுக்குப் பெரும்பாலும் பிள்ளை இல்லை, இருந்தால் ஒன்று. அந்தத் தொடர்கள் எட்டிய பகுதிகளில் குழந்தைப் பிறப்பு குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். யாரும் பிரசாரம் செய்யவில்லை. சின்னக் குடும்பம் அங்கே சாதாரணமாக இருந்தது, அவ்வளவுதான்.

மனைவியை அடிப்பவனைப் படிக்கும்போது உங்கள் மகன் முகம் சுளித்திருப்பான். சுளிக்கட்டும் என்றுதான் அவ்வளவு விரிவாக எழுதினேன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தி, கடைசியில் அவளைச் சிரிக்கவைத்துவிடும் நல்ல கதாநாயகன் இருக்கிறானே, அவனிடம்தான் எனக்குப் பயம். ரத்தம் கிடையாது, ஆபாசம் கிடையாது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். யாரும் கடிதம் எழுதமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் முழுக்க உங்கள் பக்கம்: தற்கொலை. ஏற்கெனவே தவிப்பில் இருப்பவரை அதன் விவரிப்பு பாதிக்கக்கூடும். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரை, நாடகக் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வழிமுறையை நான் எழுதுவதே இல்லை.

மகனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். யாரைப் பிடித்திருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த அடிப்பவனைச் சொன்னால் அவனைத் திட்டாமல் எனக்கு எழுதுங்கள்.