வாசகர் கேள்வி – பதில்: பனிக்கு எத்தனை சொல்?

கேள்வி: வட கனடாவின் இனுயிட் மக்கள் பேசும் இனுக்டிட்டுட் மொழியில் பனிக்கு நூறு சொல் உண்டு என்று எங்கள் தமிழ்ப்பள்ளிப் புதிர்ப்போட்டியில் விடை சொன்னார்கள். சரிதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்த விடைக்கு மதிப்பெண் கொடுத்திருக்கக் கூடாது. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் எடுத்துக்காட்டியவை நான்கே: தரையில் கிடக்கும் பனி அப்புட், விழுகிற பனி கனா, காற்று அடித்துச் செல்லும் பனி பிக்சிர்போக், காற்றில் குவிந்த பனிமேடு கிமுக்சுக். பின்னால் வந்தவர்கள் எண்ணிக்கையை இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். இந்த நான்கோடு முடிந்தது என்றும் இல்லை. குடிநீருக்காக உருக்குவதற்கு எடுக்கும் பனிக்கு அனியு என்று தனிப்பெயர் இருக்கிறது.

ஆனால் இந்த மொழியில் சொற்களை எண்ணுவதே வீண்வேலை. வேர்ச்சொல்லின் பின்னால் ஒட்டுகளை அடுக்கிக்கொண்டே போகலாம்; நாம் ‘வரமுடியாதவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்த மாதிரி. டீ என்றால் அங்கேயும் டீதான், ஆங்கிலத்திலிருந்து போனது. அதோடு ‘செய்’ என்று பொருள்படும் லியுக், கடைசியில் ‘நான்’ என்பதற்கான டுங்கா. டீலியுக்டுங்கா: ‘டீ கலக்குகிறேன்’. டுங்காவை எடுத்துவிட்டு டுக் போட்டால் ‘டீ கலக்குகிறார்’. இக்லுலியுக்டுக் என்றால் ‘வீடு கட்டுகிறார்’. இப்படிப் பிறக்கிற ஒவ்வொன்றையும் தனிச்சொல் என்று கணக்குப் பார்த்தால், டீக்குக்கூட நூறு தேறும்.

கேள்வி: இக்லு என்றால் பனிக்கட்டி வீடுதானே?

பதில்: இல்லை. எந்த வீடும் இக்லுதான். பலகை வீடும் இக்லு, நம் லயத்து வீடும் இக்லு. பனியால் கட்டுவதற்குப் பெயர் இக்லுவிகக். அதுவும் உறைந்த தண்ணீர்க்கட்டியால் கட்டுவதல்ல. காற்றில் இறுகிய பனியைக் கத்தியால் அறுத்து அடுக்குவது.

கேள்வி: கணினி, விமானம் போன்றவற்றுக்குக் கடன் வாங்குகிறார்களா, சொந்தச் சொல்லா?

பதில்: இரண்டும் உண்டு. காப்பி அங்கும் காப்பி. கணினிக்குச் சொந்தமாக ஆக்கிக்கொண்டார்கள்: கரசக் (மூளை) என்பதோடு ‘போன்றது’ என்ற ஒட்டைச் சேர்த்துக் கரசவுயக். அதே ஒட்டை மணலோடு சேர்த்தால் சில வட்டாரங்களில் சீனி: சியுரவுயக், மணல் போன்றது. விமானம் கங்கடசூக், வழக்கமாக மேலெழும்புவது. பொருளின் வேலையையோ தோற்றத்தையோ பார்த்துப் பெயர் வைக்கும் இந்த முறை நம் கலைச்சொல் ஆக்குவோர் உட்கார்ந்து படிக்க வேண்டியது.

கேள்வி: உச்சரிப்பில் எதில் கவனம் வேண்டும்?

பதில்: முதலில் குறில், நெடில். இனுக் என்றால் ஒருவர். இனூக் என்று நீட்டினால் இருவர். மூவர் முதல் இனுயிட்.

அடுத்தது, தொண்டையடியில் பிறக்கும் ஒரு ககரம். அடிநாக்கை உள்நாக்குப் பக்கம் தள்ளிச் சொல்ல வேண்டும். குர்ஆன் ஓதும்போது அந்தப் பெயரின் முதலெழுத்தை மலாய் நண்பர்கள் அழுத்திச் சொல்வதைக் கேட்டால் பிடிபடும். கயக் என்னும் படகின் பெயரில் முதலும் கடைசியும் இந்த ஒலிதான். 1999 ஏப்ரல் 1இல் உருவான நுனவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகர் இக்கலுயிட். ‘மீன்கள் நிறைந்த இடம்’ என்று பொருள். அதிலும் நடுவில் இந்த ஒலி வருகிறது. ஆங்கிலப் பழக்கத்தில் அதன்பின் ஓர் உகரத்தைச் செருகிவிடுவார்கள். 2009இல் கனடா பிரதமர் அலுவலகத்தின் செய்திக்குறிப்பிலேயே அப்படி அச்சாகி, ஊர்ப்பெயர் ‘பின்புறம் துடைக்காதவர்கள்’ என்று ஆகிவிட்டது.