மாமனாரை எதற்கு வீட்டில் விட்டுவிட்டுப் போனீர்கள்?

கேள்வி: "காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. இரண்டு பேரும் எந்நேரமும் போனில் விலங்கு வீடியோதான். நேரிலேயே காட்டிவிடலாம் என்று அரையாண்டு விடுமுறையில் வாடகைக் கார் எடுத்து வண்டலூர் போய் வந்தோம். தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகன் புலியை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டாலும் எழவில்லை. என் கணவர் கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டார். மகள் கால் வலிக்கிறது என்று கடைசிவரை அழுகை. வீட்டைப் பார்த்துக்கொள்ள மாமனாரை விட்டுவிட்டுப் போனதால் அந்தக் கவலை மட்டும் இல்லை. முப்பது வருடம் கிடை ஆட்டோடு அலைந்தவர், அவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருக்காது. மகனுக்குக் கவனக்குறைவு ஏதும் இருக்குமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அடுத்து திருச்சி வண்ணத்துப்பூச்சிப் பூங்காவா, கோவைப் பூச்சி அருங்காட்சியகமா, எங்கே போனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்?"

— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: எங்கே கூட்டிப்போனால் பிள்ளை போனைக் கீழே வைக்கும் என்று கேட்டு எனக்கு வராத மாதமே இல்லை. ஊர் பெயர் மாறும், செலவுத் தொகை மாறும், கேள்வி மாறாது. ஆனால் உங்கள் கடிதத்தில் மாமனார் பற்றி ஒன்றரை வரி இருக்கிறது பாருங்கள், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அதற்கு முன் மகன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் எறும்பு பார்த்த பிள்ளைக்கா கவனக்குறைவு? படிப்பிலோ பேச்சிலோ வேறு ஏதாவது உங்களுக்கு உறுத்தினால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். எறும்பைப் பார்த்தான் என்பதற்காகப் போக வேண்டாம். அந்த இடத்தில் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. அடித்தவர்தான் தப்பு செய்தார். அதை அவர் மகனிடம் சொல்ல வேண்டும். தகப்பன் பிள்ளையிடம் "நான் செஞ்சது தப்புப்பா" என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடாது.

வண்டலூர் நல்ல இடம்தான். 1985-இல் திறந்தது, 600 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. அதைப் பகல் வெயிலில் நான்கு வயதுக் குழந்தையை நடக்க வைத்துச் சுற்றினால் அழாமல் என்ன செய்யும்? புலியும் சிங்கமும் பகலில் பெரும்பாலும் படுத்தே கிடக்கிற பிராணிகள். போனில் பாய்கிற புலியைப் பார்த்துப் பழகின பிள்ளை, முதுகைக் காட்டித் தூங்குகிற புலி முன்னால் எவ்வளவு நேரம் நிற்பான்? அவன் காலடியில் எறும்புகள் ஒரு பொரித் துண்டை இழுத்துக்கொண்டு போகின்றன. ஒன்று விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது, துண்டு கவிழ்கிறது, மறுபடி தூக்குகின்றன. அங்கே அசைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அவன் அதைப் பார்த்தான்.

சரி, இப்போது அந்த ஒன்றரை வரிக்கு வருகிறேன்.

முப்பது வருடம் கிடை ஆட்டோடு அலைந்தவர். நீங்கள் எழுதினதுதான். பிள்ளைகளுக்கு விலங்கு காட்ட வேண்டும் என்று கார் பிடித்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போகிறீர்கள். ஆயுசு முழுக்க விலங்கோடு கிடந்த மனுஷனை வீட்டுக்குப் பூட்டாகத் தொங்கவிட்டுவிட்டுப் போகிறீர்கள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அது உங்களுக்காகவே சொல்லி வைத்தது போல இருக்கிறது தாயி.

அவருக்கு ஆர்வம் இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? "மாமா, நீங்களும் வாங்க" என்று ஒரு தடவையாவது வாய் திறந்து கேட்டீர்களா? கேட்டிருந்தால் "நான் எதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பார். நம் பக்கத்துப் பெரியவர்கள் முதல் தடவை அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடக் கூடாது. இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மூன்றாம் தடவை வேட்டி சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் முதல் தடவையே கேட்கவில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

உங்கள் மகனுக்குத் தன் ஐயா ஆடு மேய்த்தவர் என்பது தெரியுமா? உங்கள் கணவர் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவான் என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆட்டை விற்ற காசில்தானே உங்கள் கணவர் படித்திருப்பார்? எந்தத் தொழில் சோறு போட்டதோ அதைத் தன் பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து சொல்வது மகனுடைய கடமை. பெற்றவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது போல இதுவும் ஒரு கடமை. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கிடை என்றால் என்ன என்று உங்களுக்கே முழுசாகத் தெரியுமா? நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுப்பு முடிந்ததும் நூற்றுக்கணக்கில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம்வரை போவார்கள். ராத்திரி ஒரு வயலில் வலை கட்டி அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். மறுநாள் அடுத்த வயல். மழை எந்தப் பக்கம் இறங்கும், எந்தச் செடியைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பும், இருட்டில் கத்துகிற குட்டி பசிக்குக் கத்துகிறதா, பயத்தில் கத்துகிறதா, எல்லாம் தெரிந்தால்தான் அந்தப் பிழைப்பு ஓடும்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது. முன்பல் ஆட ஆரம்பித்திருக்கும், இல்லாவிட்டால் இந்த வருடம் ஆடும். ஒரு ஆட்டின் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் அவன் ஐயாவை. ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறுதான். கீழ்த்தாடையில்தான் எட்டு முன்பல். குட்டியில் பால்பல். ஒன்று, ஒன்றரை வயதில் நடுவில் இரண்டு விழுந்து பெரிய பல் முளைக்கும். அதைத்தான் "ரெண்டு பல்லு" என்று சந்தையில் சொல்கிறார்கள். அப்புறம் நாலு பல், ஆறு பல், நான்கு வயது வாக்கில் எட்டும் சேர்ந்துவிடும். பல்லைப் பார்த்து வயது சொல்கிற வித்தை இது. தன் பல் ஆடுகிற வயதில் இதைக் கண்ணால் பார்க்கிற பையன் மறுநாள் வகுப்பில் எல்லோரையும் வாய் திறக்கச் சொல்வான்.

சின்னவளுக்கு இது வேண்டாம். ஈன்ற ஆட்டையும் குட்டியையும் காட்டட்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டியின் வாடையைத் தாய் பிடித்துக்கொள்கிறது. நூறு குட்டிக்கு நடுவிலும் தன்னுடையதைத்தான் மடியில் விடும், மற்றதை முட்டித் தள்ளும். இதை அந்தக் குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று பாருங்கள், கால் வலி வருகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது ஆடு இருக்காது என்று தெரிகிறது. ஊரில் யாரிடமாவது இருக்கும். யாரிடம் என்று உங்களுக்குத் தெரியாது. மாமனாருக்குத் தெரியும். ராமநாதபுரம் வெள்ளை என்று நம் பக்கத்து ஆட்டினமே இருக்கிறது, அதை முதலில் பார்க்கட்டும் பிள்ளைகள். புலி அப்புறம்.

பூச்சிக்கும் இதே கதைதான். திருச்சிப் பூங்கா நன்றாகவே இருக்கும், போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் திறந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகம் 2018-இல் வந்தது. அது பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பெரியவர்களான பிறகு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் கொல்லையில் நிற்கிற கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் பாருங்கள். எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி அந்த இலைகளில்தான் முட்டையிடும். புழு முதலில் காக்கை எச்சம் மாதிரி இருக்கும், பிறகு பச்சையாகும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போல ஒன்று நீளும், ஒரு நெடி அடிக்கும். நீங்கள் இதுவரை அந்தப் புழுவைக் கிள்ளிப் போட்டிருப்பீர்கள். ஒரு மாதம் போடாதீர்கள். நான்கு கொத்து இலை போனால் போகட்டும். கூட்டுப்புழுவாகித் தொங்கி, பிளந்து, ஈரச் சிறகோடு வெளியே வருகிறவரை பிள்ளைகள் தினமும் பார்க்கட்டும்.

திண்ணை ஓரத்தில் மழை படாத புழுதி இருந்தால் அதில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். குழிநரி என்கிற பூச்சியின் வேலை அது. அடியில் புதைந்துகொண்டு, சறுக்கி விழுகிற எறும்பின் மேல் மண்ணை வாரி இறைத்துப் பிடிக்கும். எறும்பு பார்க்கிற உங்கள் மகனுக்கு இதைக் காட்டினால் அன்றைக்குச் சாப்பிட எழ மாட்டான். உங்கள் மாமனார் அதை வேறு பேர் சொல்லிக் கூப்பிடலாம். அந்தப் பேரையே பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும். பிடித்துவந்து அடைக்க விடாதீர்கள். பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு, கொடுக்காப்புளி இலை வைத்து, முட்டை போடும் முட்டை போடும் என்று காத்திருந்த தலைமுறை நான். பாதிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே செத்தன. அதைப் பெரிய இளமைக்காலச் சந்தோஷமாக இப்போது எழுதுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். பார்க்கட்டும், விட்டுவிடட்டும்.

வெளியே போக வேண்டும் என்றே ஆசையாக இருந்தால் இது தை மாதம், வேட்டங்குடிக்குப் போங்கள். திருப்பத்தூரிலிருந்து மதுரைப் பக்கத்து மேலூர் போகிற வழியில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான் ஆகும். கண்மாய்களையே 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை கண்மாயில் தண்ணீரும் மரத்தில் பறவையும் இருக்கும். அங்கே நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தை எடுக்க வாகான அலகு. வெடிச் சத்தத்தில் கூடு கலைந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. ஒரு ஊரே, அந்த ஊர்ப் பிள்ளைகள் உட்பட, கொக்குக்காகவும் நாரைக்காகவும் மத்தாப்பை விட்டுக்கொடுத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் அங்கே நின்றுகொண்டே இதைச் சொல்லுங்கள். விடியற்காலையில் போங்கள், சத்தம் போடாதீர்கள், போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் இரண்டு பேர் போனையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கண்மாய், ஊருணிப் பக்கம் போகிறபோது பிள்ளைகள் கையை விடவே கூடாது. மண் அள்ளின பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. கல்லைக் கையால் புரட்ட வேண்டாம், காலில் செருப்பு இருக்கட்டும். ஆட்டைத் தொட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனி மாமாவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும், நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு" என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிடாதீர்கள். வீட்டுக் காவலிலிருந்து பிள்ளைக் காவலுக்கு அவரை மாற்றச் சொல்லி நான் இவ்வளவு எழுதவில்லை. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் அவர் ஓட முடியாது. ஓட வேண்டியது உங்கள் கணவர். பெரியவர் நடந்து வருவார், நின்று காட்டுவார், சொல்வார். உங்கள் கணவரும் அதைக் கேட்கட்டும். கிடைக்குப் போன தகப்பன் வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருந்திருக்க மாட்டார். இதில் பாதி உங்கள் கணவருக்கே புதிதாக இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். முன் சீட்டில் மாமனார் உட்காரட்டும். எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறாரோ அங்கே நிறுத்துங்கள், நேரமாகிறது என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.