11 மணி நேரம் விளையாடிய கேமுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: விருப்பம்போல் சுற்றித் திரியக்கூடிய திறந்த உலக ஆக்‌ஷன் கேம் ஒன்றை, வெளியான வாரத்திலேயே இணையக் கடையில் முழு விலை கொடுத்துக் கணினிக்காக வாங்கினேன். கடைப் பக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட வன்பொருள் முழுவதும் என்னிடம் இருக்கிறது. அந்த அமைப்பில் வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 காட்சிப் படங்கள், கிடைக்கும் என்று அங்கேயே எழுதியிருந்தார்கள். தொடக்கப் பகுதி நன்றாகவே ஓடியது. பெரிய நகரத்துக்குள் நுழைந்த பிறகு 25 ஃபிரேமுக்கு இறங்கிவிடுகிறது. அடிக்கடி தானாகவே மூடிக்கொள்கிறது. எதிரியின் அடியைச் சரியான நேரத்தில் தடுத்தாலும் பலிப்பதில்லை, எதிரிகளும் ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 11 மணி நேரம் விளையாடிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது என்கிறது கடை. சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? இவற்றையெல்லாம் ரிவ்யூவாக எழுதினால் அவதூறு வழக்கு வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் செயல்திறன், சண்டை முறை, விலை ஆகிய மூன்று குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கேமை மதிப்பிடுபவருக்கு மூன்றும் சம எடை உள்ளவையாக இருக்கலாம். நுகர்வோர் சட்டத்தின் முன் அவற்றின் எடை ஒன்றல்ல. செயல்திறன் பற்றிய புகார் வலுவானது. சண்டை பற்றிய புகாரில் ஒரு பாதி நிற்கும், மறு பாதி நிற்காது. விலையை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குத் தொடுக்க முடியாது. இவற்றைப் பிரிக்காமல் "கேம் மோசம், பணத்தைக் கொடுங்கள்" என்று எழுதினால், எதிர்த்தரப்பு உங்கள் மிகப் பலவீனமான வாதத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் சேர்த்தே தள்ளிவிடும்.

எந்த நாட்டிலிருந்து வாங்கினீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், விற்பவர் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும் என்னும் இரண்டும் பெரும்பாலான நுகர்வோர் சட்டங்களுக்குப் பொதுவானவை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இந்த இரண்டையும் டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கென்றே தனிப் பிரிவுகளில் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள டிஜிட்டல் உள்ளடக்க விதிகளும் அதையே சொல்கின்றன. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் தாமே எந்த வகையிலேனும் உரிமை கோரிய தரத்திலிருந்து பொருள் குறைந்திருந்தால் அதையும் குறைபாடு என்றே வரையறுக்கிறது. எனவே "இந்த வன்பொருளில் வினாடிக்கு 60 ஃபிரேம்" என்ற அந்த ஒற்றை வரி உங்கள் கையில் இருக்கும் மிக மதிப்புள்ள ஆவணம். கடைப் பக்கங்கள் ஓசையின்றித் திருத்தப்படுவது உண்டு என்பதால், அதை இன்றைக்கே படமெடுத்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

இனி, 11 மணி நேரம் என்ற தடை. இணையக் கடைகள் ரீஃபண்டுக்கு வைத்திருக்கும் வரம்புகள் எல்லோரும் அறிந்தவை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2015 முதல், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. பிளேஸ்டேஷன் கடையில், குறைபாடுள்ள உள்ளடக்கம் நீங்கலாக, பதிவிறக்கத் தொடங்கிவிட்டாலே அந்தச் சலுகை போய்விடுகிறது. சிறிய கேமுக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருக்கலாம். திறந்த உலக கேமின் அமைப்போ வேறு: முதல் சில மணி நேரம் குறுகலான, கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் பயிற்சியாகக் கழிகிறது, கணினியின் மையச் செயலியையும் நினைவகத்தையும் உண்மையாகவே சோதிக்கும் மக்கள் நெரிசல் மிக்க நகரம் பிறகுதான் வருகிறது. குறை வெளிப்படும் இடத்தை வாங்கியவர் அடைவதற்கு முன்பே திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிடுவது, என் கருத்தில், இந்த வகை கேம்களை வாங்குபவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி.

ஆனால் கடையின் ரீஃபண்ட் விதி வேறு, சட்டம் தரும் உரிமை வேறு. காரணம் கேட்காமல் பணம் தருவதாகக் கடை தானே முன்வந்து கொடுக்கும் சலுகைக்குக் கடை வரம்பு விதிக்கலாம். குறைபாடுள்ள பொருளுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பரிகாரத்தை அந்த வரம்பால் வெட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை சென்றது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2014-இல் வழக்குத் தொடர்ந்தது. எந்தச் சூழ்நிலையிலும் ரீஃபண்ட் பெற உரிமையில்லை என்ற பொருள்படும்படி வால்வ் நுகர்வோருக்குத் தவறான தகவல் அளித்தது என 2016-இல் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது, ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற வாதங்கள் அதைக் காப்பாற்றவில்லை.

செயல்திறன் குறைபாட்டுக்காகவே பணம் திருப்பித் தரப்பட்ட நிகழ்வும் உண்டு. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077, பழைய தலைமுறைக் கன்சோல்களில் மிக மோசமாக ஓடியது. தயாரிப்பாளர்களே மன்னிப்புக் கேட்டு, விரும்புவோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றார்கள். அதே மாதத்தில் சோனி அந்த கேமைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. அமெரிக்காவில் 18.5 லட்சம் டாலருக்குச் சமரசமான வழக்கைப் பலர் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அது முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு, விளையாடியவர்கள் தொடுத்ததல்ல. ஆகையால் அதை நீங்கள் கடைக்கு அனுப்பும் நோட்டீஸில் முன்னுதாரணமாகக் காட்ட வேண்டாம்.

சண்டை முறைக்கு வருகிறேன். எதிரிகள் ஒரே மாதிரி வருகிறார்கள், சண்டை சலிப்பூட்டுகிறது என்பவை சுவை சார்ந்த கருத்துகள். அவற்றைக் குறைபாடாக ஏற்கும் நீதிமன்றத்தைக் காண்பது அரிது. டிரெய்லரில் காட்டிய பெரும் போர்கள் கேமில் இல்லை என்ற புகார்கூட எளிதில் வெல்வதில்லை. நோ மேன்ஸ் ஸ்கை கேமின் விளம்பரம் பற்றிப் பலர் அளித்த புகார்களை விசாரித்த பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், உலகம் விளையாடுபவருக்கு ஏற்ப மாறி உருவாகும் தன்மையைக் கணக்கில் கொண்டு, விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று 2016 நவம்பரில் முடிவு செய்தது.

ஆனால் சரியான நேரத்தில் தடுத்தும் அடி விழுகிறது என்ற உங்கள் புகாரைச் சுவை என்று ஒதுக்க முடியாது. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, 25 ஃபிரேம் என்றால் 40 மில்லிவினாடி. தடுப்பதற்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அவகாசம் கொடுக்கும் கேமை எடுத்துக்கொண்டால், 60-இல் அந்த அவகாசத்துக்குள் 12 ஃபிரேம்கள் திரையில் வரும், 25-இல் ஐந்து மட்டுமே வரும். எதிரி கையை ஓங்குவதைக் கண் தாமதமாகக் காண்கிறது, பொத்தானை அழுத்தியதற்கான பதிலும் தாமதமாகவே வருகிறது. சண்டையை மையமாகக் கொண்டு விற்கப்படும் கேமில், அறிவிக்கப்பட்ட ஃபிரேம் வேகம் கிடைக்காததால் அடிப்படைச் செயலொன்றே பழுதாகிறது என்பது அளந்து காட்டக்கூடிய குறைபாடு. ஆகவே இந்தப் புகாரைச் சண்டை என்ற தலைப்பிலிருந்து எடுத்துச் செயல்திறன் தலைப்பின் கீழ் வையுங்கள். ஒரே சண்டையை நகரத்துக்கு வெளியிலும் உள்ளேயும், ஃபிரேம் எண்ணிக்கை திரையில் தெரியும்படி பதிவு செய்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விற்பவர் விலையைக் குறைப்பது அவர் உரிமை. மூன்று வாரம் முன்பு வாங்கியவருக்கு வித்தியாசத்தைத் தரும் கடமை, அப்படி வாக்குறுதி கொடுத்திருந்தாலொழிய, அவருக்கு இல்லை. எனினும் நீங்கள் கொடுத்த தொகை பொருளற்றதாகிவிடாது. ஏற்கத்தக்க தரம் எது என்பதைத் தீர்மானிக்கையில் பிரிட்டன் சட்டம் விலையையும் கணக்கில் கொள்கிறது. முன்னோட்டப் பதிப்பு என்ற அறிவிப்போடு குறைந்த விலைக்கு விற்ற கேமிலும், முழுமையானது என்று முழு விலைக்கு விற்ற கேமிலும் ஒரே அளவு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது.

எதிர்த்தரப்பு உங்கள் கணினியைத்தான் முதலில் குறை சொல்லும். ஐரோப்பிய விதிகளின்படி, கேமைக் கொடுத்த ஓராண்டுக்குள் குறை வெளிப்பட்டால், கேம் சரியாகவே இருந்தது என்று விற்பவர் நிரூபிக்க வேண்டும்; பிரிட்டனில் இந்தக் காலம் ஆறு மாதம். ஆயினும் உங்கள் கணினி தேவைக்கு ஏற்றதல்ல என்று காட்ட அவர்களுக்கு வாய்ப்பு உண்டு, அதைச் சோதிக்க நீங்களும் ஓரளவு ஒத்துழைக்க வேண்டும். எனவே வன்பொருள் விவரம், கிராபிக்ஸ் டிரைவரின் பதிப்பு, கேம் மூடிக்கொண்ட ஒவ்வொரு முறையும் உருவான பிழைக் கோப்பு ஆகியவற்றைத் தேதியுடன் சேர்த்து வையுங்கள்.

பேட்ச் (பிழைகளைத் திருத்தும் புதுப்பிப்பு) வருகிறது, பொறுத்திருங்கள் என்ற பதில் வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொதுவாக முதலில் சரிசெய்யும் வாய்ப்பை விற்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் விலைக் குறைப்பையோ பணத்தையோ கேட்க முடியும். இந்தியாவில், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, ரசீதில் வேறு காலம் குறிப்பிடப்படாதபோது 30 நாளைக் கடந்தால், முறையற்ற வணிக நடைமுறை ஆகும். புகாரை நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலேயே, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். பதிவிறக்கிய கேம் பொருளா சேவையா என்ற தகராறில் சிக்காமல், பொருளின் குறைபாடு, சேவையின் குறைபாடு இரண்டையும் மனுவில் மாற்றாகக் கோருங்கள். உரிம ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குத்தான் செல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் எம்மார் வழக்கில் உறுதிப்படுத்தியிருக்கிறது.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுக்கும்படி நண்பர்கள் சொல்லக்கூடும். அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தவரின் கணக்கைக் கடை முடக்கினால், அதிலுள்ள மற்ற கேம்களும் கைக்கு எட்டாமல் போகும்.

ரிவ்யூ எழுத அஞ்ச வேண்டாம். இந்தியாவின் பாரதிய நியாய சன்ஹிதா, 356-ஆம் பிரிவில் அவதூறைக் குற்றமாக்கினாலும், பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு முன்வைக்கப்பட்ட படைப்பின் தகுதி பற்றி நல்லெண்ணத்துடன் சொல்லும் கருத்துக்கு விதிவிலக்கு அளிக்கிறது. புத்தகம் வெளியிடுபவர் அதை மக்களின் தீர்ப்புக்கு ஒப்படைக்கிறார் என்பது அங்கே தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டு; கேமுக்கும் அது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் நேர்மையான கருத்தைக் காக்கிறது. சண்டை சலிப்பூட்டுகிறது, இந்த விலைக்குத் தகாது என்று நீங்கள் தாராளமாக எழுதலாம். "25 ஃபிரேமுக்கு இறங்கியது" என்பது உண்மைக்கூற்று, அதற்கு உங்கள் பதிவே சான்று. "தெரிந்தே ஏமாற்றினார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது படைப்பைப் பற்றிய கருத்தாக இல்லாமல் மனிதர்கள் மீதான குற்றச்சாட்டாகிவிடும், அதை நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும்.

இப்போது செய்ய வேண்டியது, விற்ற கடைக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புவது. கடையின் ரீஃபண்ட் சலுகையைக் கேட்கவில்லை, விவரித்தபடி இல்லாத பொருளுக்கான சட்டப் பரிகாரத்தைக் கேட்கிறேன் என்று முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். 60 ஃபிரேம் வாக்குறுதியின் படத்தையும் நகரத்தில் எடுத்த பதிவையும் இணைத்து, சரிசெய்ய 30 நாள் கொடுங்கள்; தவறினால் முழுத் தொகையையும் கோருங்கள். அந்த நோட்டீஸ் போன நாளிலிருந்து, பேட்ச் வந்ததா என்று சோதிப்பதற்கு அல்லாமல் அந்த கேமைத் திறக்காதீர்கள்.