கழட்டச் சொன்ன மாஸ்க் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

ஊட்டில ஒரு ஹோம்மேட் சாக்லேட் கடைல வேலை பாக்கறேன், வயசு 24. பேரு போட்டுடாதீங்க, முதலாளி கண்ணுல பட்டா வம்பு. கொரோனா டைம்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் கடைக்குள்ள மாஸ்க் போட்டுட்டுதான் நிக்கறேன். வீட்ல நானும் பாட்டியும் மட்டும்தான். அவங்களுக்கு 71 வயசு, எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்க, இப்ப இளைப்பு, ரெண்டு இன்ஹேலர் ஓடுது. லயன் வீடு, ஒரே ரூம், நான் தும்மினா அவங்க மேலதான் விழும்.

போன சீசன்ல முதலாளி கூப்பிட்டு "மாஸ்க்க கழட்டுப்பா, ஊர்ல ஏதோ நோய் வந்துடுச்சோன்னு டூரிஸ்ட் பயப்படறாங்க, நமக்கு சிரிச்ச மூஞ்சிதான் வியாபாரம்"னு சொன்னார். 2021ல மாஸ்க் தாடைக்கு எறங்கினா "ஃபைன் போட்டா 200 ரூவாய உன் சம்பளத்துலதான் புடிப்பேன்"னு கத்தினவரும் இவர்தான். கூட வேலை செய்யற பசங்க என்னை "டாக்டரே"ன்னு கூப்பிடறானுங்க. அதுல ஒருத்தன், மாஸ்க்கே வேஸ்ட்னு பெரிய ஆராய்ச்சில சொல்லிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல அனுப்பறான்.

எனக்கே இப்ப டவுட்டா இருக்குண்ணா. பாட்டிக்காகத்தான் போடறேனா, இல்ல பயந்து பயந்து அப்படியே பழகிடுச்சா? மறந்துட்டு பஸ் ஏறிட்டா சட்டை இல்லாம நிக்கற மாதிரி இருக்கு. கவர்மென்ட்டே வேண்டாம்னு சொன்னப்புறம் நான் மட்டும் எதுக்கு இப்படின்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

---

தம்பி,

உன் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ உன் முதலாளி மேல கோவம் வந்துச்சு, ரெண்டாவது தடவ சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அந்த 200 ரூவா ஆளையும் இந்த சிரிச்ச மூஞ்சி ஆளையும் நான் குன்னூர் மார்க்கெட்ல தினமும் பாக்கறேன், ஏன் கண்ணாடிலயே பாக்கறேன். அத அப்பறம் சொல்றேன்.

கவர்மென்ட் வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னு எழுதியிருக்க. அது எங்கப்பா அப்படி சொல்லுச்சு? போடலேன்னா இனிமே காசு கேக்க மாட்டேன்னுதான் சொல்லுச்சு. கொஞ்சம் பின்னாடி போய் பாரு, தமிழ்நாட்டுல அபராதம் மொதல்ல 200 ரூவா, 2022 ஜனவரில 500, ஏப்ரல் ஆரம்பத்துல அபராதமே கிடையாதுன்னாங்க, அதே மாசம் சென்னை ஐஐடில வரிசையா கேஸ் வந்ததும் திரும்ப 500. 2023 ஏப்ரல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் கட்டாயம்னாங்க, அடுத்த மாசம் 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிஞ்சுதுன்னு அறிவிச்சுது, அறிவிக்கும்போதே நோய் போயிடல, ஆபத்து இருக்குன்னும் சேத்து சொன்னாங்க, அந்த பாதிய யாரும் ஃபார்வர்ட் பண்ணல. இந்த உத்தரவெல்லாம் மாநிலத்துல கேஸ் எவ்வளவு, பெட் எவ்வளவுன்னு பாத்து போடறது. உன் பாட்டிக்கு ரெண்டு இன்ஹேலர் ஓடுறது அந்த கணக்குல வராது, அத நீதான் பாக்கணும். முன்னாடி நீ போடணுமா வேண்டாமான்னு செக்போஸ்ட்ல நின்ன போலீஸ்காரர் முடிவு பண்ணாரு, இப்ப அந்த வேலை உன் தலைல விழுந்துடுச்சு. நிஜமாவே சலிப்பு புடிச்ச வேலைதான், ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் யோசிக்கணும், அதனாலதான் பாதி பேரு மொத்தமா கழட்டி எறிஞ்சாங்க, உன்ன மாதிரி சில பேரு மொத்தமா போட்டுக்கிட்டாங்க.

அந்த வாட்ஸ்அப் விஷயம். அது காக்ரேன்னு ஒரு அமைப்பு 2023 ஜனவரில வெளியிட்ட தொகுப்பு, பழைய ஆய்வுகள எல்லாம் ஒண்ணா சேத்து பாத்தது. அத புடிச்சுட்டு மாஸ்க் வேலை செய்யாதுன்னு ஊரெல்லாம் பேசினதும் அதோட தலைமை ஆசிரியரே வந்து, அப்படி படிக்கறது தப்பு, மக்கள மாஸ்க் போட வைக்கற முயற்சிங்க பலன் தருதான்னுதான் பாத்தோம், அதுக்கே தெளிவான பதில் கிடைக்கலன்னு விளக்கம் குடுத்தாங்க. ரெண்டும் வேற வேற கேள்வி தம்பி. குடை குடுத்தும் பாதி பேரு விரிக்கல, ஊரே நனஞ்சுதுன்னா அதுக்காக குடை ஒழுகுதுன்னா சொல்லுவ? பங்களாதேஷ்ல 600 கிராமத்துல ஒரு பெரிய சோதனை பண்ணாங்க, மாஸ்க் குடுத்து எடுத்துச் சொன்ன கிராமத்துல கூட நூத்துக்கு 42 பேருதான் ஒழுங்கா போட்டாங்க, அப்படியும் சர்ஜிக்கல் மாஸ்க் குடுத்த ஊர்ல 60 வயசு தாண்டினவங்களுக்கு நோய் மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது. ஆஹா ஓஹோன்னு சொல்ல முடியாது, ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. இத அந்த பையனுக்கு அனுப்பினா படிக்கவா போறான், விடு.

கேலி பண்றதும் புதுசு கிடையாது. 1910 கடைசில சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியால நுரையீரல் பிளேக் வந்தப்ப, பினாங்குல பொறந்த வூ லியன் டேன்னு ஒரு சின்ன வயசு டாக்டர், இது காத்துல பரவுது, பஞ்சு வெச்ச துணி மாஸ்க் கட்டுங்கன்னு சொன்னார். மெஸ்னின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், வயசுலயும் அனுபவத்துலயும் பெரியவரு, இவன் என்ன சொல்றது நான் என்ன கேக்கறதுன்னு மாஸ்க் இல்லாமயே நோயாளிங்கள பாத்தாரு. கொஞ்ச நாள்ல அவரே பிளேக்ல போயிட்டாரு. உன் கடை பசங்க அந்த அளவுக்கு மோசமில்ல, டாக்டரேன்னுதான கூப்பிடறானுங்க, வாங்கிக்க.

இப்ப நம்ம மலைக்கு வா. கீழ ஊர்க்காரங்களுக்கு புரியாத ஒரு விஷயம் இருக்கு. மலைன்னா சுத்தமான காத்துன்னு டூரிஸ்ட் நினைக்கறான், வெளில நின்னா அது சரிதான். ஆனா நாம வெளில எங்க நிக்கறோம், குளிருக்கு எல்லாத்தயும் மூடிட்டு உள்ளதான் இருக்கோம். சாயந்திரம் ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்ற பஸ்ஸ நினைச்சுப் பாரு, பர்லியார் தாண்டினதும் மொத ஷட்டர் இறங்கும், காட்டேரி பார்க் வர்றதுக்குள்ள எல்லாம் இறங்கிடும், ஐப்பசி மழை வேற இருந்துட்டா கேக்கவே வேண்டாம், கண்ணாடி முழுக்க ஆவி, அதுல பசங்க விரல்ல பேர் எழுதுவாங்க. அந்த ஆவி எங்கிருந்து வந்துச்சு? அறுபது பேரோட மூச்சு தம்பி, தண்ணியா மாறி கண்ணாடில நிக்குது, நீயும் அதத்தான் இழுக்கற. 2020 மார்ச்ல கோவிட் காத்துல பரவாதுன்னு அடிச்சு சொன்ன உலக சுகாதார நிறுவனமே ஒரு வருசம் கழிச்சு, காத்தோட்டமில்லாத எடத்துல பரவும்னு மாத்தி எழுதிச்சு. நமக்கு அந்த பஸ் கண்ணாடியே சொல்லியிருக்கும்.

அதனால எனக்கு இது எடத்த பொறுத்த விஷயம். சிம்ஸ் பார்க்ல நடக்கும்போது நான் போடறதில்ல, மரத்துக்கெல்லாம் சளி புடிக்காது. ஷட்டர் போட்ட பஸ், ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால், சீசன்ல ரேஷன் கடை மாதிரி முட்டற ஹோட்டல் லாபி, இங்கெல்லாம் போடறேன். உன் கடைய நான் பாத்ததில்ல, ஆனா ஊட்டி சாக்லேட் கடைங்க தெரியும், கண்ணாடி கதவு சாத்தி, கவுன்டர்ல இருபது பேரு, ஆளுக்கொரு துண்டு டேஸ்ட் பாக்க குனிஞ்சு குனிஞ்சு பேசறாங்க, மே மாசம் நாள் முழுக்க அப்படியே நிக்கற. அங்க போடறது நியாயமான கணக்கு, பயத்துக்கு அங்க வேலையே இல்ல.

என்ன மாஸ்க்னு நீ எழுதல. துணி மாஸ்க்னா மாத்திடு. சுத்தி யாருமே போடாதப்ப உன்ன காப்பாத்தறது என்95 மாதிரி கன்னத்துல ஒட்டி உக்கார்றதுதான், சர்ஜிக்கல்ல ரெண்டு பக்கமும் சந்து இருக்கும். கண்ணாடி போட்டிருந்தா சோதிக்கறது சுலபம், மூச்சு விடும்போது கண்ணாடி மங்கினா மேல வழியா காத்து போகுது, மூக்கு கம்பிய நல்லா அழுத்து. இன்னொண்ணு, தொவைக்காத. அந்த நடு லேயர்ல மின்னூட்டம் ஏத்தி வெச்சிருப்பாங்க, பொடித்துகள இழுத்து புடிக்கறது அதுதான், சோப்பு பட்டா அது போயிடும், பாக்க மாஸ்க் மாதிரியே இருக்கும். நான் 2021ல ரெண்டு என்95 வாங்கி, சிக்கனமா இருக்கேன்னு நினைச்சு சர்ஃப்ல ஊறவெச்சு அடுப்புக்கு மேல கொடில காயப்போட்டு ஆறு மாசம் ஓட்டினவன், அதனால சொல்றேன். கிழிஞ்சதும் ரோட்டோரம் போட்டுடாத, அதுவும் பிளாஸ்டிக்தான். நம்ம செக்போஸ்ட்ல தண்ணி பாட்டில புடுங்கறாங்க, ஆனா கொண்டைஊசி வளைவுல உண்ணிச்செடி பூரா நீல மாஸ்க் பூத்து கிடக்கு.

என் கதைய சொல்றேன்னேன். 2022 கடைசில நானும் விட்டாச்சு, ஊரே விட்டுடுச்சு நமக்கென்னன்னு. கோத்தகிரி பக்கம் ஒரு சாவு வீடு. எனக்கு ரெண்டு நாளா தொண்டை கரகரன்னு இருந்துச்சு, பனிக்குன்னு நினைச்சேன், இங்க எல்லாமே பனிக்குதான. அங்க பெரியம்மா என்ன கட்டிப் புடிச்சு அழுதாங்க, அவங்க தலை என் தோள்ல, நான் அவங்க காதுக்கிட்ட ஏதோ சமாதானம் சொல்லிட்டே இருந்தேன். ஒரு ஜோல்னா பை நெறைய மாஸ்க் வீட்ல கிடந்துச்சு. நாலு நாள் கழிச்சு அவங்களுக்கு மூச்சு திணறி, ராத்திரில ஆம்புலன்ஸ் வெச்சு கீழ கோயம்புத்தூர் கொண்டு போனோம், ஒவ்வொரு வளைவுலயும் அந்த ஆக்சிஜன் சிலிண்டர் டங்குன்னு கம்பில இடிக்கும், நான் அத காலால அழுத்தி புடிச்சுட்டே போனேன். ஒன்பது நாள். திரும்பி வந்துட்டாங்க, ஆனா வீட்டுக்குப் போற நாப்பது படிய இப்ப ரெண்டு எடத்துல உக்காந்துதான் ஏறுறாங்க. என்கிட்ட இருந்துதான் போச்சான்னு யாருக்கும் தெரியாது, அந்த வீட்ல நூறு பேரு இருந்தாங்க. பெரியம்மா ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா பரவால்லன்னு இருக்கு.

இதனால உனக்கு ஒண்ணு சொல்றேன், கடைய விட வீடுதான் முக்கியம். உனக்கு சளி, காய்ச்சல், தொண்டை வலின்னு எது வந்தாலும் வீட்டுக்குள்ளயும் போடு, அந்த ஒரு ஜன்னல கொஞ்சமாவது திறந்து வை, பாட்டி குளிருதுன்னு திட்டுவாங்க, இன்னொரு கம்பளி போத்திவிடு. நல்லா இருக்கற நாள்ல வீட்ல கழட்டிடு, அவங்க உன் மூஞ்சிய பாக்க வேண்டாமா. இன்ஹேலர் வாங்கப் போறப்ப டாக்டர்கிட்ட ஃப்ளூ ஊசி பத்தி கேளு, இளைப்பு இருக்கற பெரியவங்களுக்கு வருசத்துக்கு ஒண்ணு போடறது வழக்கம். தடுப்பூசி பத்தி பேச நம்ம நீலகிரிக்காரங்களுக்கு உரிமையும் இருக்கு, தடுப்பூசி தயாரிக்கற பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல இருந்து குன்னூர்லதான இருக்கு.

முதலாளிகிட்ட பாட்டி கதைய சொல்லாத, இரக்கப்பட்டு லீவு எடுத்துக்கன்னு சொல்லிடுவாரு. வியாபாரமா பேசு. "சார், தலைக்கு குல்லா, கைக்கு கிளவுஸ், வாய்க்கு மாஸ்க், சாக்லேட்ட தொடற ஆளு இப்படி நின்னா சுத்தமான கடைன்னு ஃபோட்டோ எடுத்து போடுவாங்க சார்"னு சொல்லு. நீ மூணையும் சேத்து போட்டா நோயாளியா தெரிய மாட்ட, செஃப் மாதிரி தெரிவ. இது ஏமாத்தும் கிடையாது, தின்பண்டத்துக்கு மேல குனிஞ்சு பேசறவன் வாய மூடறது நல்லதுதான. சிரிப்பு கண்ணுலயும் தெரியும், ரெண்டு வருசம் அப்படித்தான சிரிச்சோம்.

பயமா பழக்கமான்னு கேட்ட. எனக்கும் பிரிக்கத் தெரியல தம்பி. நம்ம ஊர்ல ஜூன் மாசம் வெயிலடிச்சாலும் மங்கி குல்லா கழட்டாத பெரியவங்க எத்தன பேரு, யாராவது போய் இது குளிருக்கா பயத்துக்கான்னு கேக்கறோமா? ஆனா சட்டை இல்லாம நிக்கற மாதிரி இருக்குன்னு எழுதின பாரு, அது மட்டும் எனக்கு கொஞ்சம் உறுத்துச்சு. ஒரு லீவு நாள் காலைல, டூரிஸ்ட் வேன் வர்றதுக்கு முன்னாடி தொட்டபெட்டா பக்கம் போ, 2,637 மீட்டர், காத்து மூஞ்சில அடிக்கும், சுத்தி ஆளே இருக்க மாட்டாங்க. அங்க கழட்டிப் பாரு. அங்கயும் கை நடுங்குச்சுன்னா மறைக்காம எனக்கு எழுது, அது வைரஸ் பத்தின பேச்சு இல்ல, அந்த ரெண்டு வருசம் உனக்கு என்ன ஆச்சுன்னு வேற பேச்சு, பொறுமையா பேசலாம். நடுங்கலேன்னா ஒரு டீ குடிச்சுட்டு எறங்கி, பஸ்ல ஏறும்போது திரும்ப போட்டுக்க.

பாட்டிய விசாரிச்சதா சொல்லு. எந்த எஸ்டேட்டுன்னு கேட்டு எழுது, பெரியம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான், ஒருவேளை ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்