இரண்டரை வயதில் நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு அடுத்து என்ன?

"மகனுக்கு இரண்டரை வயது. 1 முதல் 100 வரை சொல்கிறான், ஆங்கில எழுத்து எல்லாம் தெரியும். ஆர்வம் குறையாமல் இருக்க அடுத்து என்ன சொல்லித் தரலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 200 வரையா, கூட்டலா என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் இப்போது வேண்டாம்.

ஒரு கூடையில் பத்து எலுமிச்சம்பழம் போட்டு, "மூணு எடுத்து அம்மாகிட்ட கொடு" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாகக் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து நீட்டுவான். பிள்ளையை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிக்கிற மாதிரி. 'ஒன்று' என்றால் ஒன்றே ஒன்று என்பது முதலில் பிடிபடும். சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணி எடுத்துத் தருவது பொதுவாக மூன்றரை, நாலு வயதில்தான் வரும். உங்களுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

"எத்தனை இருக்கு?" என்று கேட்காதீர்கள். தொகையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "மூணு பழம். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பழம்." கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மண்டையில் ஏறும். ஒன்று முதல் நாலு வரைக்குள்ளேயே நில்லுங்கள்.

ஆறு பழத்தை எட்டு என்று எண்ணினால் அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தமில்லை. வாய் ஓடுகிற வேகத்துக்கு விரல் ஓடவில்லை, அல்லது எண்ணியதையே திரும்பத் தொடுகிறான். இதற்கு நாலு குழி இட்லித் தட்டு ஒன்று போதும். குழிக்கு ஒரு பழம் அவனே வைக்கட்டும், வைக்கும்போது எண்ணைச் சொல்லட்டும். எண்ணியது இடம் மாறிவிடுவதால் இரண்டாம் முறை எண்ண வழியில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டுக்கு ஒரு டம்ளர் வைப்பதும் இதே பாடம்தான். புளியங்கொட்டை, வேர்க்கடலை, பாசிமணி எதுவும் இந்த வயதில் கூடாது. தொண்டையில் அடைக்கும், மூக்குக்குள்ளும் போகும். நடுத்தர அளவு எலுமிச்சை, துணிக் கிளிப், ஸ்பூன் இவை போதும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம். அவன் "இன்னும்" என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். சலித்து எழுந்து போன பிறகு நிறுத்தினால் மறுநாள் கூடையைப் பார்த்ததுமே ஓடுவான். செய்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பென்சிலுக்கு அவசரமே இல்லை. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் மூன்று வயதில் மூன்று நாலுதான் எலும்பாகியிருக்கும், மிச்சம் குருத்தெலும்பு. சப்பாத்தி மாவு பிசையட்டும், ஈரத் துணி பிழியட்டும். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் கோடு போடட்டும். சாக்பீஸ் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள்.

"நீ புத்திசாலி" என்று ஓயாமல் சொல்வதையும் குறையுங்கள். கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்த முறை எளிய கணக்கையே தேடினார்கள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதை எடுத்தார்கள். அவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் மகனுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் "நாலு குழியும் நிரப்பிட்டியே" என்று செய்ததைச் சொல்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. முக்கியமாக, வீட்டுக்கு வருகிறவர் முன்னால் நிறுத்தி "மாமாவுக்கு ஏபிசிடி சொல்லிக் காட்டு" என்பது வேண்டவே வேண்டாம். படிப்பு என்றாலே அடுத்தவர் பார்க்கச் செய்வது என்று பதிந்துவிடும்.

இந்தக் கூத்துக்குப் பாதிக் காரணம் எல்கேஜி இன்டர்வியூ. தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டு வழியில் கற்பிக்கச் சொல்கிறது. இங்கேயோ மூன்று வயசுப் பிள்ளையை மேசைக்கு எதிரில் உட்காரவைத்து நிறம் கேட்கிறார்கள், அப்பாவின் சம்பளமும் கேட்கிறார்கள். பயந்துபோய் பெற்றோர் ஃப்ளாஷ் கார்டு வாங்கிக் குவிக்கிறார்கள். சரி, உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மொபைலில் எண் பாட்டு ஓடினால்தான் சொல்கிறானா என்றும் பாருங்கள். இரண்டு வயதில் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

கடைசியாக ஒன்று, கோபப்பட வேண்டாம். எண்ணும் எழுத்தும் சரளமாக வந்தும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல், "அம்மா பால்" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்த்துக் கேட்காமல் இருந்தால், குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு மாதங்களைத் தள்ளாமல், அடுத்து சளி காய்ச்சலுக்குப் போகும்போதே கேட்டுவிடலாம்.