வீட்டுக்குக் காசு வந்தால் ஆட்டுக்குக் கிடையாதா?

கொழும்புக்குப் பக்கத்து வெல்லம்பிட்டியிலிருந்து ஒரு அக்கா எழுதிக் கேட்டிருக்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது, பின் வளவில் கட்டியிருந்த 14 ஆட்டில் 9 போய்விட்டதாம். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது நாற்றம் தாங்க முடியாமல் உடனே புதைத்துவிட்டார்கள். ஆடுகளை எங்கும் பதியவில்லை. "25,000 ரூபா தந்தாச்சு, அதோட சரி என்று சொல்றாங்க, உண்மையா?"

இல்லை அக்கா, அதோடு சரியில்லை. அந்த 25,000 வெள்ளம் புகுந்த வீட்டைத் துப்புரவாக்கத் தந்த காசு. கால்நடை இழப்புக்கான கொடுப்பனவு வேறு. மாடு, ஆடு, கோழி என்று இனத்துக்கு ஒரு தொகை, பண்ணைக்கு இத்தனை என்று ஒரு உச்ச எண்ணிக்கை, அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒன்றை வாங்கியதால் மற்றது இல்லாமல் போகாது. ஆனால் இரண்டுக்கும் பாதை ஒன்றல்ல. வீட்டுச் சேதத்தைக் கிராம உத்தியோகத்தர் பார்த்து எழுதுவார், ஆடு செத்ததை உறுதிப்படுத்த அரச மிருக வைத்தியரின் அறிக்கை வேண்டும். பலர் கிராம உத்தியோகத்தரிடம் (ஜீ.எஸ்.) மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தே ஏமாந்து போகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

உங்கள் பலவீனம் இரண்டு இடத்தில் இருக்கிறது, பதிவு இல்லை, உடலும் இல்லை. புதைத்தது தப்பே இல்லை, அழுகிய உடலை வைத்திருந்தால் கிணறும் கெட்டுவிடும். அதனால் ஆடு இருந்தது என்பதற்கும் செத்தது என்பதற்கும் வேறு சாட்சி தேட வேண்டும். போனில் பழைய படங்களைத் தேடுங்கள், ஹஜ்ஜுக்கோ பொங்கலுக்கோ பிள்ளைகள் ஆட்டோடு நின்று எடுத்த படம்கூட உதவும், திகதி அதிலேயே இருக்கும். தீவனம் வாங்கிய பில், ஆட்டுக்கு ஊசி போட்டபோது தந்த துண்டுச் சீட்டு, உங்களிடம் ஆடு வாங்கினவர் எழுதித் தரும் கடிதம், புதைக்கும்போது நின்ற அயலவர் இரண்டு பேரின் கையொப்பம், எல்லாம் சேருங்கள். புதைத்த இடத்தையும் ஒரு படம் எடுங்கள். 9 செத்திருந்தால் 9 என்றே எழுதுங்கள், ஒன்று கூட்டி எழுதினாலும் மற்ற எட்டையும் சந்தேகப்படுவார்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பகுதிக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள், அப்புறம் அந்த அறிக்கையோடு கொலன்னாவைப் பிரதேச செயலகத்துக்கு. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டின் பிரதியும் வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. கட்டாயம் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னதற்குப் பிறகு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, மறுத்திருந்தால் என்ன காரணம் என்று அதே செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். காரணம் எழுத்தில் கையில் வந்தால்தான் மேன்முறையீட்டில் எதை எதிர்ப்பது என்று தெரியும்.

மீதி ஐந்து ஆட்டையும் அதே பயணத்திலேயே பதிந்துவிடுங்கள் அக்கா. மிருக வைத்தியர் ஒருமுறை உங்கள் வளவுக்கு வந்து அவற்றைப் பார்த்தால், உங்களிடம் ஆடு இருந்தது என்பதற்கு அதுவே இன்னொரு சாட்சி.